பெல்ட் வரும் பக்கம்

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்குவீர்களே, அந்த நேரத்துக்கு ராஜபாளையத்து வீட்டில் இன்னமும் இரண்டு பேருக்குக் காப்பி போடுகிறேன்.

நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியத்தை இன்று எழுத்தில் வைக்கிறேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்த எழுபத்திரண்டு வயது விதவை நான், வயது வந்தவர்களுக்கான கதைகள் எழுதுகிறேன். கணவனும் மனைவியும் மனமொத்து, விளையாட்டாய்ப் பின்புறத்தில் அடித்துக்கொள்ளும் கதைகள். வேறொரு பெயரில் ஓர் இணைய இதழில் வருகின்றன. என் வாக்கியத்தில் பிழை இருக்காது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் அவற்றுக்கு உயிர் கொடுத்தது, எட்டாம் வகுப்போடு நின்ற நீங்கள்.

நான் வாசிப்பேன். நீங்கள் மர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். பொய்யான இடம் வந்தால் நாற்காலிக் கையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு.

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போறியே, ஏட்டி, நீ என்ன டீச்சரா? கைய ஓங்கிட்டு நிக்கான்லா, அங்கன செத்த நேரம் நிறுத்து. அவ மூச்சு எப்படி இருக்குன்னு எழுது."

"எழுதியாச்சு, மதினி."

"அடிச்சவன் உள்ளங்கையும் எரியும்லா? அவன் கை என்ன இரும்பா? பொறவு, அவ சரின்னாளா? அத அவ வாயால சொல்லட்டும். நீ சொல்லாத."

கதையில் பெல்ட் வந்தால் மட்டும் இந்தக் கேலி இருக்காது. இரண்டு தட்டு. "பெல்ட் வேண்டாம். நல்லா இல்ல, அம்புட்டுதான்."

"உங்களுக்குப் பயம், மதினி" என்று ஒருமுறை சீண்டினேன்.

"ஆமா, பயந்தான்" என்றீர்கள். நான் சிரித்தேன்.

நீங்கள் போன அன்று கடைசியாக உங்களைக் குளிப்பாட்டியபோது முதுகைத் திருப்பினோம். வெளிறிப்போன பழைய தழும்புகள். நடுவில் சதுரமாய் ஒன்று. அந்தப் பக்கிள் எனக்குத் தெரியும். மில்லுக்குப் போகும்போது என் அண்ணன் கட்டிய பெல்ட். அவனும் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. இத்தனை காலம் என்னோடு எப்படிச் சிரித்தீர்கள்? என் கதைகளை எதற்காகக் கேட்டீர்கள்?

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் இருந்தபோதே, உங்களுக்கு வாசித்துக் காட்டாமல் இதழுக்கு அனுப்பிய கதை ஒன்று உண்டு. அதில் அவன் கேட்காமலே பெல்ட்டை எடுக்கிறான்; அவள் அதில் மயங்குகிறாள். நான் எழுதியதிலேயே அழகான பக்கம் அது. நீங்கள் போன பிறகு, என் முதல் புத்தகத்தைப் போட முன்வந்த இதழின் ஆசிரியர் அதற்கு அந்தக் கதையின் பெயரையே வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன சனிக்கிழமை, நல்ல வெயிலில், அச்சுக்குப் போகும் படியைத் திருத்தச் சத்தமாக வாசித்தேன். பெல்ட் வந்தது. காலி நாற்காலியிலிருந்து இரண்டு தட்டு.

வெயிலுக்கு மரம் விரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் வெள்ளை நாய் பிறவிச் செவிடு. இடி இடித்தாலும் அசையாமல் தூங்கும். அது தலையைத் தூக்கி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே வரியை மறுபடி வாசித்தேன். மறுபடி இரண்டு தட்டு. நாய் எழுந்து போய், நீங்கள் காது சொறிந்துவிடும்போது வைக்குமே, அப்படியே இருக்கையின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. அதன் இடது காது மட்டும் மெல்ல மடங்கி மடங்கி விரிந்தது.

நான் ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"அம்மா, அந்தப் பக்கத்த வச்சுத்தான் புத்தகமே நிக்குது. அத எடுத்தா புத்தகம் வராது."

"வரலேன்னா போகுது, தம்பி."

புத்தகம் வரவில்லை, மதினி. வருத்தம்தான், மறைக்கவில்லை. கேட்காமல் ஓங்கிய ஒரு கையை இனி நான் அழகாக எழுத மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களை அடித்தவனின் தங்கை,
உங்கள் நாத்தனார்.