இன்றைக்கு மெல்ல நீந்து

தம்பி சேசுராஜ் தாராவி அறையின் மூலையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நேற்றைய கடல் நீச்சல் பந்தயத்தில் பாதியிலேயே அவனைப் படகில் தூக்கிப் போட்டுத்தான் கரைசேர்த்தார்கள். அதை அக்காள் லூர்து மேரியிடம் சொன்னது அவனல்ல, பக்கத்து வீட்டுக் காசிம். பரேல் ஆஸ்பத்திரி வேலைக்கு டிராம் பிடிக்கும் அவசரத்திலும், பென்சில் முனை ஒடிந்துவிடும்போல ஒரு தாளில் அழுத்தி எழுதினாள்:

"ஏல, நேத்து சொல்ல வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? இன்னைக்கும் நீச்சல் குளத்துக்குப் போவேன்னு நிப்ப, தெரியும். போ. ஆனா பந்தய வேகம் கூடாது. உடம்பு தேறுததுக்கு மட்டும் மெல்ல நீந்து. ஒவ்வொரு தடவ சுவரத் தொட்டதும் நின்னு ஒரு மாதா மந்திரம் சொல்லு. மந்திரத்துக்கு நடுவுல மூச்சு வாங்குச்சுன்னா வேகமாப் போயிருக்கன்னு அர்த்தம். அடுத்தத இன்னும் மெல்லப் போ. கை வலிச்சா ஏறி வந்துரு. கஞ்சி மூடி வச்சிருக்கேன். போகையில சாவிய காசிம் வீட்டுல குடு. என்கிட்ட மறச்சிட்டல்லா, அத வந்து பேசிக்கிடுதேன்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நானும் இப்பம் ஒரு மந்திரம் சொல்லிப் பாத்தேன். பாதியில நின்னுபோச்சு. நீந்தாமலே எனக்கு மூச்சு வாங்குது, பாவி."