நிலத்துக்காரி

களமருதூர்

அன்புள்ள பிரின்சி அப்பாவுக்கு,

இசபெல்லா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பிரின்சியும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் மஸ்கட்டுக்குத் திரும்பும் மார்ட்டின் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. விவசாயிகளுக்கு அரசாங்கம் போடும் உதவிப் பணம் என் கணக்கில் விழுந்துவிட்டது. மெசேஜ் வந்தபோது உளுந்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மண் கையோடு படித்தேன். நம்ப முடியாமல் பக்கத்து வயல் பாரதியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள். இரண்டாயிரம் ரூபாய்க்கா இந்த ஆட்டம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இத்தனை நாள் ஏன் வரவில்லை தெரியுமா? எல்லாம் என் வாயால் வந்த வினை. என் அப்பா இறந்தபின் அவருடைய இரண்டு ஏக்கருக்கும் பட்டா என் பெயருக்கு மாறியது அல்லவா, அதை வைத்துத்தான் மனுப் போட்டிருந்தேன். வேளாண்மை அலுவலகத்து அம்மா நேரில் பார்க்க வந்தபோது நான் சேற்றில் நின்று நடவு நட்டுக்கொண்டிருந்தேன். "நிலத்துக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார். "அவரு மஸ்கட்ல இருக்காருங்க" என்றேன். நீ என்ன வேலை செய்கிறாய் என்றதற்கு, "வூட்ல சும்மாதாங்க இருக்கேன்" என்றேன், கையில் நாற்றுக் கட்டோடு. நம் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இப்படித்தான் வாயில் வரும். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மனு நின்றுபோனது.

காரணம் தெரிந்ததும் உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அதே அம்மாவின் மேசை முன்னால் நின்று, "நிலத்துக்காரி நான்தாங்க. நடுறது, அறுக்கறது, எல்லாம் நானேதான் பாத்துக்கினு வர்றேன்" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்தபின் இல்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினார்.

இனிதான் நீங்கள் கோபப்படும் இடம். நிலத்துக்கு நீங்கள் போனிலேயே விலை பேசி முடித்தீர்களே, அந்தக் காசிநாதன் நேற்று முன்பணத்தோடு வந்தார். "நிலத்துக்காரரு சரின்ட்டாரு. நீ கையெழுத்து மட்டும் போடும்மா" என்றார். "நிலத்துக்காரி இன்னும் சரின்னு சொல்லலீங்க" என்றேன். மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நிலத்தை விற்று லோடு வேன் வாங்கினால் ஊரோடு வந்துவிடலாம் என்பது உங்கள் எண்ணம். நீங்கள் வருவதில் எனக்கு ஆசை இல்லையா? பிரின்சி தினமும் கேட்கிறாள். அவள் கேட்காத நாளில் நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அப்பா நிலத்தைக் கொடுத்துத்தான் உங்களை வாங்க வேண்டுமா? உளுந்து பூ விட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. அடுத்து கரும்பு வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒற்றை ஆளாக முடியாது.

வேன் வேண்டாம், எனக்கு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். கூலியை நேரில் பேசிக்கொள்ளலாம், மூன்று வேளைச் சோறு நிச்சயம். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
நிலத்துக்காரி
இசபெல்லா