யார் வீட்டு ரத்தம்

அம்மா,

இன்று காலை ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துத் தட்டியபோது உன் ஞாபகம் வந்தது. தம்பியின் முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும்போதெல்லாம், ஐஸைத் துணியில் சுற்றி மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருப்பாய். விரல் மரத்துப்போனாலும் விடமாட்டாய். "எனக்கு இன்னா வலி, அவனுக்குத்தான் வலி" என்பாய்.

இன்று ஐஸ் அத்தையின் பேரனுக்கு.

தம்பிக்கு ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாது என்று தெரிந்த வாரம், ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் அப்பாவின் அக்கா கத்தியதை நான் மறக்கவில்லை. "இவ ஊட்டு ரத்தமே கெட்ட ரத்தம். எங்க வம்சத்துல கொண்டாந்து கலந்துட்டா." பிறகு தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போன உன்னை வாசலோடு நிறுத்தினாள். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசாததையெல்லாம் நான் சேர்த்து வைத்தேன்.

அந்த மகளின் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தொடை வீங்கிக் கறுத்துவிட்டது. சோதித்துப் பார்த்தவர்கள் அதே நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு கொரட்டூரில் என் வீட்டுக்கு ஓடி வந்தாள் அத்தை.

"உன் தம்பிய பாத்துகினவ நீ. எங்க போவணும், இன்னா மருந்துன்னு சொல்லும்மா."

குழந்தையின் தொடையில் ஐஸை வைத்தபடியே கேட்டேன்: "இன்னா அத்தை, இது யாரு ஊட்டு ரத்தம்?"

அவள் முகம் செத்துப்போனது. இனித்தது அம்மா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். அதற்குள் மகள் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு, "என்னாலயா அக்கா வந்துச்சு?" என்று உடைந்துவிட்டாள். அத்தைக்கு எறிந்த கல் அவள்மேல் விழுந்திருந்தது.

ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி போடும் ஆஸ்பத்திரிக்கு நானே ஆட்டோவில் அழைத்துப்போனேன். அத்தை சீட்டு வாங்கப் போன நேரத்தில் மகளிடம் சொன்னேன்: தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் இந்தக் குறை ஒளிந்திருக்கும். எது மகனுக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும். யார் தப்பும் இல்லை. அன்று டாக்டர் உன்னிடமும் இதையேதான் சொன்னார் அம்மா. நீயோ சாகும்வரை அத்தையின் சொல்லைத்தான் நம்பினாய்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

அத்தை சீட்டோடு திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "அப்போ, இது எங்க ஊட்டு ரத்தந்தானாம்மா?"

யார் தப்பும் இல்லை என்று அவளுக்கும் சொல்ல ஒரு நொடி போதும். நான் கையை உருவிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை அம்மா. சொல்லவும் மாட்டேன்.