கீழ்பென்னாத்தூர் இன்னும் வரவில்லை

நேற்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஓர் அம்மாள் என் காலடியில் ஒரு சாக்குப் பையைத் தள்ளினாள். "காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கம்மா, மல்லாட்டை" என்றாள். அன்று காலையில்தான் பிடுங்கியிருக்க வேண்டும். ஓட்டில் ஒட்டிய ஈர மண்ணின் வாசனை கப்பென்று ஏறியது. மெட்ராஸில் பிறந்தவள் நான், வேர்க்கடலை என்றுதான் சொல்வேன். "என்னமோ பாடப் புத்தகம் படிக்கிற மாதிரி வேர்க்கடலையாம்" என்று நீ பழிப்புக் காட்டுவாய். அந்த வாசனை பட்டதும் என் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் நீ இல்லை, ஜன்னல் கம்பி இருந்தது. நங்கென்று இடித்துக்கொண்டேன். பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்றுவரை உன்னிடம் மனசுக்குள்கூட நான் பேசவில்லை. கோபம். யார் மேல் என்று கேட்காதே, உன் மேல்தான். என்னை இந்த உலகத்தில் பிடித்து நிறுத்திவிட்டு நீ மட்டும் கிளம்பிப் போனால் கோபம் வராதா?

நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? நாம் லைன் இணைத்த பலகையையே காணோம். ஊர்க்காரர்கள் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இடத்தில் இரும்பு பீரோ மாதிரி இயந்திரங்கள் நிற்கின்றன. ஊரில் யாராவது போனை எடுத்தால் நம் முன்னால் ஒரு விளக்கு எரிந்ததும், பிளக்கைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு இன்னொரு துளையில் இணைத்ததும், வெளியூருக்கு டிரங்கால் கிடைக்காதவர்கள் நம் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியதும் இனி யாருக்கும் நினைவிருக்காது. திட்டு எனக்குப் பழகிவிட்டது. பழகாமல் போனது அந்த 'க்ளிக்' மட்டும்தான்.

உள்ளறையில் இருந்த அதிகாரி எப்போது வேண்டுமானாலும் நம் லைனுக்குள் நுழைந்து, நாம் பேசுவதைக் கேட்கலாம். அவர் நுழையும்போது காதில் மெல்ல ஒரு 'க்ளிக்' விழும். அது அவர் வேலை. அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் எந்த நிமிஷம் விழும் என்று தெரியாததுதான் என்னைத் தின்றது. ஒரு வருஷம் கார்த்திகைத் தீபத்தின்போது ஊரே மலை உச்சியில் ஒரு விளக்கைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தது. நமக்குப் பலகை முழுக்க விளக்கு. "தீபம் பார்த்தாச்சு, பஸ் கெடைக்கலை", "கூட்டத்துல அம்மாவைக் காணோம்" என்று ஒருவர் மேல் ஒருவராகக் கத்துகிறார்கள். நடுவில் க்ளிக். கை வியர்த்து, பிளக் நழுவி மேஜையில் விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

தீபக் கூட்டம் கலைந்தது. என் உடம்புக்குள் இருந்த கூட்டம் கலையவில்லை. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இடது காதில், ஹெட்செட் மாட்டும் காதில், க்ளிக் கேட்கும். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். பல்லியை விரட்டச் சொல்லி வீட்டுக்காரரைப் படுத்தினேன். வாரக்கணக்கில் தூக்கம் என்பது என்னவென்றே தெரியாமல் போயிற்று. காலையில் எக்ஸ்சேஞ்ச் வாசல்வரை வந்து, உள்ளே காலை வைக்க முடியாமல் மூச்சடைத்து நின்றிருக்கிறேன். நீ வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, "செருப்பு அறுந்துடுச்சாடி?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே என் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவாய். பார்த்தவர்கள் செருப்புதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்கள்.

என் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் மந்திரித்த கயிறு கட்டினார். மலையைச் சுற்றினால் அசதியில் தூக்கம் வரும் என்றார் வீட்டுக்காரர், நம்பிச் சுற்றினேன். கால் தூங்கியது, நான் தூங்கவில்லை. தெருமுனை டாக்டரின் மாத்திரையோ தலையைப் பாறாங்கல்லாக்கியது. பலகையில் எந்த விளக்கு எரிகிறது என்றே மங்கலாகத் தெரிந்தது. "வேலையை விட்டுடு, கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்காரர், அன்பாகத்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பரீட்சை எழுதி, தேறி, என் குடும்பத்தில் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். அதிகாரியும் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இப்படியே போனால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அங்கே போனால் என்ன முத்திரை குத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்புறம் இந்த ஊரில் என்னை ஆபரேட்டர் என்று யார் சொல்வார்கள்? பைத்தியம் என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உன் தங்கைக்கு வளைகாப்பு. கீழ்பென்னாத்தூருக்கு, உன் அம்மா வீட்டுக்கு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பஸ்ஸில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை, கோழி வேறு. நான் எப்போது கண்ணை மூடினேன் என்று எனக்கே தெரியாது. நீ தட்டி எழுப்பியபோது உன் ஜாக்கெட் தோளில் என் எச்சில் வழிந்திருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ என்னை உற்றுப் பார்த்தாய். "ஏன்டி, வீட்ல வராத சனியன் இங்க வருதே. அப்போ பஸ்ஸையே வீடாக்கிட்டாப் போச்சு" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாய். காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று நமக்குப் பிரித்துப் போட்ட டியூட்டி. நடுவில் இருந்த பகல் பொழுதில் எல்லாப் பெண்களும் வீட்டுக்கு ஓடி உலை வைப்பார்கள். நீ என்னை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போவாய். கீழ்பென்னாத்தூர் போக வேண்டியது, அதே பஸ்ஸில் திரும்ப வேண்டியது. ஜன்னலோரம் நீ. "நீ உக்காந்தா வெளிய பராக்குப் பாத்துட்டே வருவ." உன் வலது தோள் எனக்கு. "அந்தப் பாழாப்போன காதை என் தோள்ல வச்சு அமுக்கிக்க. எவன் க்ளிக் பண்றான்னு பாத்துடலாம்." எஞ்சின் இரைச்சலில், குழந்தைகள் அலறலில், உன் தோளெலும்பு கன்னத்தில் குத்தக் குத்த நான் தூங்கினேன். இரைச்சலுக்கு நடுவில் என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியமோ என்னவோ.

ஒரு தடவை கண்டக்டர் கயிற்றை இழுத்து மணியடித்ததும், தூக்கத்திலேயே நிமிர்ந்து "நம்பர் ப்ளீஸ்" என்று கணீரென்று கேட்டுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் அசரவில்லை. "நம்பர் பஸ்ஸுக்கு முன்னாடி எழுதியிருக்கு, எறங்கிப் பாத்துக்கம்மா" என்றார். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாய். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க மறந்துபோய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

நடுநடுவே திடுக்கிட்டு விழித்து, "வந்துடுச்சா?" என்று கேட்பேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டதோ என்ற பயம். "இன்னும் வரலடி. நெறைய தூரம் இருக்கு. தூங்கு" என்பாய். எப்போது கேட்டாலும் அதே பதில். கீழ்பென்னாத்தூர் வந்து, ஆட்கள் இறங்கி, ஏறி, பஸ் திரும்பி, மலை கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டு வரும்போதுகூடக் கூசாமல் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாய். உன் சமையலை யார் செய்தார்கள், உன் வீட்டில் என்ன பேச்சு வாங்கினாய் என்று ஒரு நாளும் நீ சொன்னதில்லை. கேட்டால், "எங்க வீட்ல நான் இல்லாத நேரம்தான் எல்லாருக்கும் நிம்மதி" என்பாய்.

பஸ் மட்டும் போதாது என்றும் நீதான் சொன்னாய். வேலூரில் ஒரு டாக்டரிடம் பிடிவாதமாகக் கூட்டிப் போனாய். இது நோய்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை, சரியாகும் என்று அவர் சொன்னபோது நான் உன்னைப் பார்த்தேன். உன் கண்ணில் தண்ணீர். பலகையில் என் பக்கம் விளக்குகள் மொய்க்கும்போது, உன் கை நீண்டு வந்து இரண்டொன்றை எடுத்துக்கொள்ளும். க்ளிக் விழுந்தால் மேஜைக்கு அடியில் உன் முழங்கால் என் முழங்காலை இடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியானது. அடுத்த தீபத்துக்கு நான் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மெடிக்கல் போர்டுப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பிறகு எத்தனையோ வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். போன மார்கழியில் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். அதே வேலூர். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாடகைக் காரில் முன் சீட்டில் உன் வீட்டுக்காரர், பின்னால் நாம். வலியில் நீ பல நாளாகத் தூங்கவில்லை. உன் தலையை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். ஒரு பிடி எடைகூட இல்லை. போளூர் தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே, "கீழ்பென்னாத்தூர் வந்துடுச்சாடி?" என்று கேட்டாய்.

அந்தச் சாலையில் கீழ்பென்னாத்தூர் வராது. உனக்கும் அது தெரியும். முன் சீட்டிலிருந்து உன் வீட்டுக்காரர் என்னமோ சொல்லத் திரும்பினார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"இன்னும் வரலடி. நெறைய தூரம் இருக்கு. தூங்கு."

நீ தூங்கினாய். மலை தெரிந்தது, ஊர் வந்தது, உன் தெரு வந்தது. காரை வாசலில் நிறுத்திய பிறகும் உன்னை எழுப்பாமல் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு நீ இருந்த சில நாட்களில் நாம் பேசிக்கொண்டதாக எதுவும் நினைவில் இல்லை.

நேற்று ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்ட பிறகும் கண்ணசந்துவிட்டேன் போலிருக்கிறது. மணிச்சத்தம் கேட்டுப் பதறி எழுந்து, பழைய பழக்கத்தில் "வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டேன். மல்லாட்டைக்கார அம்மாள், "வந்துடுச்சும்மா, எறங்கு எறங்கு" என்றாள். பாவம், அவள் உண்மையைத்தான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் நின்று நான் அழுததைப் பார்த்து, எதையோ பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று நினைத்து அவள் திரும்பி ஓடினாள், தேடிக் கொடுக்க.

இப்போதும் சில ராத்திரி தூக்கம் வராது, இன்றைக்கும் வரவில்லை. பயந்துகொள்வதில்லை. இடது காதைத் தலையணையில் வைத்து அமுக்கிக்கொண்டு, வந்துவிட்டதா என்று உன்னைக் கேட்கிறேன். இன்னும் வரவில்லை என்கிறாய்.