பெயர்ப்பலகையின் நான்கு ஓட்டைகள்

கிளெமென்ட்,

சர்ச்சில் கொயர் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன். மீன்குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நாம் இருவரும் ஓட்டும் பாய்ப்படகில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். “உனக்கு இதெல்லாம் தெரியாது மௌரீன், சும்மா இரு” என்று நேற்று சொன்னீர்களே. மூன்று ஞாயிறாக நீங்கள் அடிப்பக்கத்தையே பூசினீர்கள். நான் படகு முழுக்க சோப்புத் தண்ணீர் தடவி, வடிகால் துளை வழியாக அதன் மூடிய உள்கூட்டுக்குள் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தேன். அடியில் ஒரு குமிழிகூட வரவில்லை. இடப்பக்கம் நீங்கள் ஆசையாய் மாட்டிய பெயர்ப்பலகையின் நான்கு ஸ்க்ரூவிலும் நுரை பொங்கியது.

பலகையைக் கழற்றி, ஓட்டைகளை சிவாஜிநகரில் வாங்கிய எபாக்ஸி பசையால் அடைத்துவிட்டேன். நாளை வரை தொடாதீர்கள். ஞாயிறு ஏரிப் போட்டிக்கு நாம் போகலாம்.

மௌரீன்

பி.கு: பலகை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. என் பெயரை இனி பெயிண்டில் எழுதுங்கள். பெரிதாகவே எழுதுங்கள்.