அகராதிக்கும் ஒரு குடவோலை

காலையில் டீக்கடை அக்கா சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்ததும் உன்மேல் மறுபடியும் கோபம் வந்தது. அடி நசுங்கிய அதே சொம்புதான். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த புதுப் பெண் ஒருத்தி அந்த நேரம் பார்த்துப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, சூப்பர்வைசர் 'ச்சூயி, ச்சூயி'ன்னு கத்திக்கினே கீறாரு. உங்க டிக்ஸ்னரில தேடினா அந்த வார்த்தையே இல்லன்னுது."

இருக்கிறது. 'கவனம்' என்று பொருள் போட்டு நானே ஏற்றிய சொல். அவள் காதில் விழுந்தபடி சி, எச் என்று தொடங்கித் தேடியிருக்கிறாள். நான் ஏற்றியது டி, ஒய் என்று தொடங்கும். ஓடும் மெஷின் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கவனம் என்ற சொல் கிடைக்காமல் போவது விளையாட்டில்லை.

கம்பெனியில் மெஷின் லைனில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த இடம். ஜப்பான்காரர்கள் பேசுவது புரியாமல் நாம் பட்ட பாடு பின்னால் வருகிற பெண்களுக்கு வேண்டாம் என்றுதான் இணையத்தில் ஜப்பானிய–தமிழ் அகராதியைத் தொடங்கினோம். அந்தப் பெண்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது என்பதால் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டோம். எப்படிப் போடுவது என்பதில்தான் வந்தது வினை. ஜப்பானிய எழுத்து வரிசையை அப்படியே பின்பற்றி, அங்கே 'த' வரிசையில் வரும் 'ச்சூ'வையும் டி போட்டே எழுதும் முறை என்னுடையது. ஒழுங்கானது, இன்றும் அதைத்தான் சொல்வேன். உனக்கோ காதில் விழுகிறபடி இருக்க வேண்டும். "லைன்ல நிக்கறவளுக்குக் காதுதான்டி கீது. உன் வரிசைய வச்சிக்கினு அவ இன்னா பண்ணுவா?" என்றாய். பயிற்சி தர வந்த ஜப்பான்காரரிடம் கேட்டோம். இரண்டும் சரிதான் என்று குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர்மேலும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கடைசியில் உன் உத்திரமேரூர் புத்தி வேலை செய்தது. கோயில் சுவரில் கல்வெட்டே இருக்கும்போது நமக்கெதற்குச் சண்டை, குடவோலை போட்டுவிடலாம் என்றாய். இரண்டு சீட்டு, இந்தச் சொம்பு, குலுக்கி எடுக்க அக்கா. உன் சீட்டு வந்தது. அதோடு விட்டிருந்தால் அகராதி பிழைத்திருக்கும். குடவோலையில் வந்தவருக்கு ஒரு வருடம்தானே பதவி என்று நான் சட்டம் பேசினேன். சட்டம்னா சட்டம்தான் என்று நீயும் தலையாட்டினாய். மறு வருடம் என் சீட்டு வந்தது. ஆக, முதல் வருடத்துச் சொற்கள் உன் முறையில், அடுத்த வருடத்துச் சொற்கள் என் முறையில். ஊர்ச் சபைக்குப் பொருந்துவது அகராதிக்குப் பொருந்துமா என்று நம்மில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா?

மூன்றாவது சீட்டுக்கு நீ இல்லை. டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இப்படிக் குழப்பிய அகராதியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே என்று உன் படத்துக்கு மாலை போடும்போதுகூடத் திட்டினேன். எல்லாவற்றையும் என் முறைக்கு மாற்றிவிடலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன். நீ ஏற்றிய சொல் ஒன்றைத் திறந்ததும் கை ஓடாது. நீ இல்லாத நேரம் பார்த்து உன்னை அழிக்கிறேனோ என்று இருக்கும். மூடி வைத்துவிடுவேன். இன்று அந்தப் பெண் கேட்ட பிறகு மூடி வைக்க முடியவில்லை.

மாலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அக்காவிடம் சொம்பைக் கேட்டேன். சீட்டு எழுதிச் சுருட்டிப் போட்டேன். அவள் குலுக்கி ஒன்றை எடுத்தாள்.

"யாருதும்மா?"

"அவளுது."

"பாரு, இல்லாதபோதும் வந்து நிக்கறா," என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு சீட்டிலும் உன் முறையைத்தான் எழுதியிருந்தேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து போனில் 'ச்சூயி'யை மாற்றினேன். மற்றவையும் ஒவ்வொன்றாக மாறும். அதற்காக உன் முறைதான் சரி என்று ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்ளாதே. பதவி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் என் சீட்டும் இந்தச் சொம்புக்குள் இருக்கும். எதிர்த்துப் பேசத்தான் ஆளில்லை.