பெட்டிக்குள் எட்டு நம்பர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை ஆறு மணிக்கு மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள்: நான். என் பேத்தி. அவள் அப்பா, அதாவது என் மூத்தவன். நாத்தனார். தையல்காரி. அவ்வளவுதான். நாளைக்கு வேறு யாராவது வந்து நானும் இருந்தேன் என்றால் அது பொய்.

தண்ணீர் முறை எங்களுடையது. ஆறிலிருந்து எட்டு வரை. பேத்தி தன் போனிலிருந்து மோட்டார் பெட்டியைக் கூப்பிட்டாள், கூப்பிட்டால் மோட்டார் தானாக ஓடும். "மோட்டார் ஓடுகிறது" என்று பெட்டிக்குள் இருக்கிற பெண் சொன்னாள். தண்ணீர் வெள்ளரிக்குப் போனது. மூத்தவன் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். தையல்காரியும் போனாள். கால் மணி நேரத்தில் மோட்டார் நின்றது.

மறுபடி கூப்பிட்டாள். ஓடியது. நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே. மூன்று தடவை நின்று ஓடினால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும், மோட்டார் கருகாமல் இருக்க. கரண்ட் இருக்கிறது, பல்பு எரிகிறது. அப்புறம் எப்படி நிற்கும்?

எட்டு மணிக்குப் பால்காரியின் முறை. நாத்தனார் சாவி போட்டுப் பூட்டை எடுத்துவிட்டாள். இரண்டு மணி நேரம் ஒரு மூச்சாக ஓடியது.

மார்ச் 6, வியாழன்

இன்றும் நின்றது. மண்ணில் நட்டு வைத்திருக்கிற ஈரக்குச்சி போனுக்குக் கணக்கு அனுப்புகிறது. போன வாரம் ஈரம் 31. இன்று 22. பதினைந்துக்குக் கீழே போனால் பூ கொட்டிவிடும் என்று பேத்தி சொல்கிறாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவள் அப்பா போட்ட நிபந்தனை எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். "இந்த ஒரு அறுவடை பாக்கறேன். வரலன்னா வாய் பேசாம டவுன் கம்பெனிக்குக் கிளம்பிடணும்." சரி என்று தலையாட்டினாள். இருபத்திரண்டு வயசு. விதை வாங்கியது முதல் பந்தல் கட்டியது வரை எல்லாம் அவளே. நிலம் என்னுடையது, உழைப்பு அவளுடையது.

மார்ச் 9, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். கிணறு நான், நாத்தனார், தையல்காரி, பால்காரி என்று எங்கள் ஏழு பெண்களுக்கும் பொது. பெட்டி மாட்டிய அன்று ஏழு நம்பர் ஏற்றினார்கள். பேத்தி விவசாயத்துக்கு வந்த பிறகு அவளுடையது எட்டாவது. எட்டில் எந்த நம்பர் கூப்பிட்டாலும் ஓடுகிற மோட்டார் நிற்கும். அப்படியென்றால் யாரோ வேண்டுமென்றே கூப்பிடுகிறார்கள்.

யார்? இதில் என்ன சந்தேகம்? நாத்தனார்தான். எங்கள் கிணற்றுச் சங்கத்துத் தலைவி அவள். பெட்டிச் சாவி அவள் இடுப்பில். கொத்துச்சாவி என்று நான் பேர் வைத்ததே அதனால்தான்.

நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், என் அம்மாவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சத்தமாகப் படித்துச் சிரித்தவள் இந்த நாத்தனார். மூன்றாம் வகுப்புக்காரி எழுத்து, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அன்று அங்கே இருந்தவர்கள் பதினொரு பேர். வரிசையாகச் சொல்வேன். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் மன்னிக்காதவர்கள் பேர் எழுதியிருக்கிறேன். முதல் பேர் அவளுடையது.

ஈரம் 18.

மார்ச் 10, திங்கள்

சங்கக் கூட்டத்தில் கேட்டுவிட்டேன். ஏழு பேரும் இருந்தார்கள், பேத்தியும் இருந்தாள். மூத்தவன் என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டு வாசலில் நின்றான்.

"என் பேத்தி பயிரைக் கருக வச்சு நீ என்னத்த சாதிக்கப் போற?" என்றேன்.

"அண்ணி, என்ன பேசுறீங்க?"

"சாவி உன்கிட்ட. பெட்டி உன்கிட்ட. சின்னப் பொண்ணு முன்னுக்கு வந்தா உனக்கு வயிறு எரியுது. பிள்ளை பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. தையல்காரி தரையைப் பார்த்தாள். நாத்தனார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "இனிமே யார் வேணா வச்சுக்கோங்க." போய்விட்டாள்.

பேத்தி எனக்காக நிற்காமல் தனியாக நடந்து போனாள். மூத்தவன் என்னை பைக்கில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டான்.

மார்ச் 11, செவ்வாய்

சாவி பால்காரி வீட்டில். எங்கள் முறை. மோட்டார் நின்றது. மூன்று தடவை.

சாவி அங்கே இருக்கும்போது — இருக்கட்டும், கூப்பிட சாவி எதற்கு? போன் போதுமே. அவள்தான்.

ஈரம் 14. மூன்று வரிசையில் பூ உதிர்ந்து கிடக்கிறது. பேத்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். இருந்தது நானும் அவளும் மட்டும். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

பெட்டியை யார் கூப்பிட்டாலும் எந்த நம்பர், எத்தனை மணி என்று தலைவி போனுக்கு மெசேஜ் வருமாம். இத்தனை நாள் அவள் ஒன்றைக் கூடத் திறந்ததில்லை. பெட்டி மாட்டியபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாவிடம் நேற்றுப் போய்த் திறக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நாலாம் தேதி ஆறு பதினாறு. ஆறாம் தேதி ஆறு பதினெட்டு. நிறுத்தினது எல்லாமே ஒரே நம்பர்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ஐந்தாவது எண்ணிலேயே எனக்கு மிச்சம் தெரிந்துவிட்டது. மிச்சத்தை நான் சொன்னேன்.

பெட்டி மாட்டிய அன்று என்னிடம் போன் இல்லை. எங்களில் ஐந்து பேரிடம் இல்லை. புருஷன் நம்பர், மகன் நம்பர் என்று ஆளுக்கொன்று கொடுத்தோம். நான் என் மூத்தவன் நம்பரைக் காகிதம் பார்க்காமல் ஒப்பித்தேன், எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள், எனக்குப் பெருமை. அப்புறம் பேத்தி எனக்குப் போன் வாங்கிக் கொடுத்தாள். பெட்டியில் இருப்பதை யார் மாற்றினார்கள்? நாத்தனாரைச் சந்தேகப்பட்ட நான், என் பேருக்கு நேரே இருந்த நம்பரை மட்டும் நினைக்கவே இல்லை.

"கூட்டத்துல காட்டல, அண்ணி. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு." அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் மூத்தவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். மறுக்கவில்லை. துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தான்.

"நான் இந்த மண்ணுல வெந்தது போதாதா? அவளும் வேகணுமா? சொன்னா கேக்க மாட்டா. ஒரு தடவை தோத்தா போயிடுவா. அவ நல்லதுக்குத்தான்மா."

பெற்றவன் பயம். அது எனக்குப் புரியாதா? அவன் கடன்பட்டு அழுதபோது கூட இருந்தவள் நான்தான்.

"சரிடா. உன் அத்தையை நான் அத்தனை பேச்சு பேசினேனே. வாசல்ல நின்னு கேட்டுட்டுதானே இருந்த?"

துண்டைக் கொடியில் போட்டான்.

"பிள்ளை இல்லாதவளைப் பாத்து நான் அந்த வார்த்தை சொல்றேன். உன்னைத் தூக்கி வளத்தவ. ஒரு வாய் திறந்து தடுத்தியா?"

"நீ கேக்கல, நான் சொல்லல" என்றான்.

பேத்தி கதவருகே நின்றிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியாது. அழவில்லை. "பாட்டி, உங்க போனைக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

மார்ச் 15, சனி

பெட்டியில் அவன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரை ஏற்றியாகிவிட்டது. மற்ற நான்கு பெண்களுக்கும் அவரவர் சொந்த நம்பர்.

இன்று முறையை நானே கூப்பிட்டேன். "மோட்டார் ஓடுகிறது" என்றாள் உள்ளே இருப்பவள். இரண்டு மணி நேரம். நிற்கவில்லை. நான் கொட்டகையை விட்டு நகரவும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

கூட்டம். வாயால் சொன்னதை வாயால் திருப்பி வாங்கினால் போதாது என்று தோன்றியது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். நிறுத்தியது யார், பழி போட்டது யார், கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம். நாத்தனார் கையில் கொடுத்தேன்.

"சத்தமா படி."

"வேண்டாம், அண்ணி."

"அன்னிக்குப் படிச்சியே. இன்னிக்கும் படி."

படித்தாள். தடுமாறின இடத்தில் நின்று, எழுத்தைக் கூட்டி, திரும்பப் படித்தாள். சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. முடித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தாள். "உங்க எழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கு, அண்ணி" என்றாள். அந்தக் கடிதம் அவளுக்கும் மறக்கவில்லை.

சாவியைப் பால்காரி அவள் பக்கம் தள்ளினாள். எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 21, வெள்ளி

ஈரம் 29.

மார்ச் 29, சனி

முதல் பறிப்பு. எட்டு வரிசையில் ஐந்து நின்றது. பதினொரு கூடை. பேத்தி போனில் படம் எடுத்துப் போட்டாள், கூடை இறங்குவதற்குள் டவுன் கடைக்காரர் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கம்பெனி வேலை பற்றி வீட்டில் பேச்சில்லை. அடுத்த முறை பாகற்காய் என்கிறாள்.

கூட இருந்தவர்கள்: நான், பேத்தி, நாத்தனார், தையல்காரி, பால்காரி. பத்து மணிக்கு அவனும் வந்தான். கூடையைத் தூக்கட்டுமா என்று மகளிடம் கேட்டான். ஒரு கூடையை அவன் பக்கம் நகர்த்தி, "தூக்குங்கப்பா" என்றாள். அவள் மனசு பெரிது. அது அவள் பாடு.

அவனுக்கு இன்றும் தட்டில் நான்தான் போட்டேன். பசி வேறு, இது வேறு.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நாத்தனார் பேரை அடித்தேன். இத்தனை வருஷ மை, அடித்தும் தெரிகிறது. மிச்ச நாலு பேரில் மூன்று பேர் செத்துப்போனார்கள், ஒருத்திக்கு நினைவு தப்பிவிட்டது. அவர்களையும் அடித்துவிட்டேன்.

இப்போது பக்கத்தில் ஒரே பேர், இன்று புதிதாக எழுதியது. வாசலில் நின்றவன். என் மூத்த மகன்.